சாம்பல் சுவர் வைத்திலிங்கம்

எங்க அத்தான் வைத்திலிங்கத்தைப் பத்திக் கேட்டா, ஊர்ல எல்லாரும் நல்லவர், வல்லவர்னு சொல்லுவாங்க. நான் அவர் கொழுந்தியா ருக்மணி. எனக்கு அந்த மனுஷன் மேல கோபம் இன்னும் ஆறல. அதனால நானே சொல்றேன், கேளுங்க.

எங்க தீவுல ரிவியேர் தே ஸாங்கீய்ங்கிற ஊருக்குப் பக்கத்துல, எங்க கரும்புத் தோட்டத்துச் சர்க்கரை மில்லுல பதினெட்டு வருஷம் பாய்லருக்குக் கரும்புச் சக்கை தள்ளினவர் அவர். ஆயிரத்தெண்ணூத்தித் தொண்ணூத்திரெண்டாம் வருஷப் புயல்ல, கரும்புச் சோகை வேய்ஞ்ச அவங்க வீடு சரிஞ்சு விழுந்துச்சு. எங்க அக்கா தெய்வானையோட ரெண்டு வயசுப் பொண்ணு அதுக்கடியில செத்துப்போச்சு. அன்னியிலேருந்து அத்தான் வாயில ஒரே பேச்சுதான், காத்துக்கு அசையாத வீடு வேணும்னு.

அப்புறம் மில்லை மூடினாங்க. புகைபோக்கியை இடிச்ச செங்கல் துண்டும் பாய்லர் சாம்பலும் மலையா குவிஞ்சு கிடந்துச்சு. "எடுத்துட்டுப் போ, இடமாவது காலியாகும்"னு மேனேஜர் முசே ஜெரார் சொல்லிட்டார். அத்தான் அள்ளினார் பாருங்க, புதையல் கிடைச்ச மாதிரி. சாம்பலைச் சலிச்சு, பவளம் சுட்ட சுண்ணாம்பு சேர்த்து, சர்க்கரை எடுத்த கழிவுப்பாகு ஊத்தி மிதிச்சு, செங்கல் துண்டும் போட்டு, பலகைக்கு நடுவுல இடிச்சு இடிச்சு செவுரு எழுப்பி, அதே கலவையில மேலேயும் வளைச்சு மூடினார். மிதிச்சு மிதிச்சு அக்கா கால் வெந்துபோச்சு. "என்ன அத்தான், ராஜா யாராவது குடிவர்றாரா?"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். சிரிப்பார்.

தப்பு இங்கதான். எங்க வீடெல்லாம் தோட்டத்து மண்ணுல. குத்தகை முடிஞ்சா கம்பத்தைப் பிடுங்கி, கூரையை அவிழ்த்து, ஊர் ஆம்பளைங்க தோள்ல வச்சு அடுத்த இடத்துக்குத் தூக்கிட்டுப் போவாங்க. குத்தகைப் பேப்பர்லயே எழுதியிருக்கு: தூக்க முடிஞ்சது குடியிருக்கிறவனுக்கு, தூக்க முடியாதது நிலத்துக்கு. ஊர்ல எத்தனை வீட்டுக்குத் தோள் குடுத்த மனுஷன், தன் வீட்டுக்கு அதை மறந்துட்டார்.

அஞ்சு வருஷத்துல குத்தகை முடிஞ்சுது. சேன் பியேர்ல துண்டு போட்டு வித்த நிலத்துல எங்க அண்ணன் அக்காவுக்கும் அத்தானுக்கும் சேர்த்து ஒரு பங்கு வாங்கி வச்சிருந்தார். சொந்த மண்ணு. அக்கா பானை சட்டியெல்லாம் கட்டிட்டா. வழக்கப்படி வீடு தூக்க இருபது பேர் வந்தாங்க. செவுரைப் பார்த்துட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

"உடைச்சாவது கொண்டுபோறேன்"னு அத்தான் கடப்பாரை எடுத்தார். பொழுது சாயுற வரைக்கும் குத்தினார். முனை மழுங்கினதுதான் மிச்சம், ஒரு கூடை கூட உதிரல. கழட்ட முடிஞ்சது கதவு ஒண்ணுதான். இருபது பேர்ல ரெண்டு பேர் அதைத் தூக்கி வண்டியில வச்சாங்க.

மறுநாள் முசே ஜெரார் வந்தார். "இங்கேயே இருந்துக்கோ வைத்திலிங்கம். தோட்டத்துக்குக் கரும்பு வெட்டு. வேலையை விட்டா வீட்டையும் விடணும்"னார். அத்தான் வண்டியிலேருந்து கதவை இறக்கி மறுபடி மாட்டினார்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா அத்தான்? அங்க நிலம் காத்துக்கிட்டிருக்கு"ன்னு நான் கத்தினேன்.

"அங்க போட்டாலும் சோகைக் குடிசைதானே. புயல் வந்தா உங்க அக்காவை எங்க வச்சுப்பேன்?"னார். அக்கா கட்டின பானையை அவிழ்த்தா. நான் அண்ணனோட சேன் பியேருக்குப் போயிட்டேன்.

அப்புறம் எட்டு வருஷம் அடுத்தவன் கரும்பை வெட்டி, தன் கையால கட்டின வீட்டுலயே அடுத்தவன் ஆளா படுத்தெழுந்தார். முதுகு வளைஞ்சுபோச்சு.

ஒரு மார்ச் மாசம் பெரிய புயல். காத்து அடங்கினதும் பதறிப்போய் அக்கா வீட்டுக்கு ஓடினேன். ஊர்ல வேற ஒரு கூரை மிச்சமில்ல. ஜனமெல்லாம் அத்தான் வீட்டுக்குள்ள உசிரோட இருந்துச்சு. அவரைக் கும்பிட்டாங்க. அப்புறம், இனி இங்க என்ன இருக்குன்னு சொல்லி, மூணு குடும்பம் கம்பத்தைப் பொறுக்கிக் கட்டிக்கிட்டுச் சேன் பியேர் பக்கம் கிளம்பிடுச்சு.

அத்தான் வெளியில நின்னு நாலு செவுரையும் தடவித் தடவிப் பார்த்தார். பெருமைப்படறார்னு நினைச்சேன்.

"ஒரு விரிசல் கூட இல்ல ருக்மணி"ன்னார். "விழும்னு நினைச்சேன். விழுந்திருந்தா நானும் உங்க அக்காவும் உன்கூடவே வந்திருப்போம்."

எனக்கு அழுகை வந்துச்சு. சாய்ஞ்ச கரும்பை வெட்ட தோட்டத்துல கூப்பிட்டிருந்தாங்க. அவர் கத்தியை எடுத்துக்கிட்டுப் போனார்.