இவானின் வெள்ளைத் திராட்சை

பக்கத்து வீட்டு இவானின் திராட்சையைக் காய்க்காமல் செய்தவன் நான்தான்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று என்னைத் தேற்ற வராதீர்கள். வெட்டியது அறியாமை. பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தது... அது என் கெட்டித்தனம்!

நாங்கள் குடியேறிய ஒனிஹங்காவில் எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகை வேலி. அந்தப் பக்கம் இவானின் வெள்ளைத் திராட்சை. கர்க் என்று பெயர். குரோஷியாவில் ஏதோ ஒரு தீவை விட்டால் வேறெங்கும் காண்பது அரிதாம். அவருடைய தகப்பன் கப்பலேறி வந்தபோது குச்சியாகக் கொண்டுவந்தது. இப்போதென்றால் அப்படி ஒரு குச்சியை இந்த நாட்டுக்குள் விடுவார்களா? வருடா வருடம் அதில் கொஞ்சம் வைன் போட்டு, எங்களுக்கும் ஒரு போத்தல் தருவார்.

வேலியோரம் ஒரு கறுப்புத் திராட்சையும் படர்ந்திருந்தது. ஒரே புளிப்பு, அவரே அதைக் கவனிப்பதில்லை. என் பாவற்காய்ப் பந்தலுக்கு வெயில் விழாமல் மறைத்தது. யாழ்ப்பாணத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான்... எனக்குத் தெரியாத கொடியா! அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த கிழமை, அடியோடு வெட்டிச் சுடுதண்ணீர் ஊற்றினேன். அவர் கேட்டபோது, தானாகவே பட்டுப்போய்விட்டது, அதுதான் வெட்டிவிட்டேன் என்றேன்.

அடுத்த வசந்தத்தில் வெள்ளைத் திராட்சை பூத்தது. பிஞ்சு நிற்கவில்லை. மறு வருடமும் அப்படியே. இவான் உரத்தை மாற்றினார். தான் கிளை நறுக்கிய விதத்தையே பழித்தார். போனில் தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இனத்தில் எல்லாமே பெண்பூவாம். பக்கத்தில் வேறு திராட்சை நின்று மகரந்தம் கொடுத்தால்தான் காய்க்குமாம்!

"இஞ்சேருங்கோ, அந்த மனிசனிட்டச் சொல்லிப்போட்டு வாங்கோ. இன்னொரு கொடி நட்டாச் சரிதானே," என்றாள் என் மனைவி.

"ஓம், நாளைக்குக் கதைக்கிறன்."

எத்தனை நாளை! சொன்னால் கொடி பிழைக்கும். என் பொய்யும் வெளியே வரும். ரகசியமாகவே ஒன்று நட்டிருக்கலாமே என்பீர்கள். ஏன் திடீரென்று என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம்... சீ! என்ன மனிதன் நான்?

போன சனிக்கிழமை இவான் கூப்பிட்டார். கொடிக்கு வயதாகிவிட்டது, பிடுங்க வேண்டும், இடுப்பு வலிக்கிறது, ஒரு கை கொடுக்க முடியுமா என்றார். போனேன். மண்வெட்டியை ஓங்குமுன் என் வாய் திறந்தது... "எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க?" என்று கேட்டேன்.

வெட்டிய வேர் உள்ளே ஈரமாக, நல்ல உயிரோடு இருந்தது. இவான் அதைப் பார்க்கவில்லை. என் தோளில் தட்டி, "உன்னைப் போல ஓர் அயலவன் கிடைத்தது என் அதிர்ஷ்டம்," என்றார்.

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, மிச்ச வேரையும் தோண்டினேன்.