மம்சாபுரம் விலக்கில் எண்ணிய வண்டிகள்

போன வாரம் மகளோடு காரில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது சாலையின் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர்க் குழாய்கள் கிடந்தன. ஓரத்தில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்கொரு பூட்டு. "என்னப்பா இது?" என்றாள். வண்டி எண்ணும் கருவி என்றேன். ஆயுள் முழுக்க நெடுஞ்சாலைத் துறையில் இருந்தவன் அத்தோடு நிறுத்தியது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். மீதியை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பாதியில் பாட்டுப் போட மாட்டீர்கள்.

எண்பதுகளில் அந்தப் பெட்டியின் வேலையை மனிதர்கள்தான் செய்தோம். போக்குவரத்துக் கணக்கெடுப்பு என்று பெயர். ஏழு நாள் சாலையோரம் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் படிவத்தில் கோடு போட வேண்டும். நாலு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே. திருவிழா நாட்களில் எண்ணக்கூடாது என்பது விதி. மேலிடம் குறித்துக் கொடுத்த வாரத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டம் வந்தது. தேரைத் தள்ளிவைக்க இயலாது என்பதை மூன்று கடிதங்களில் விளக்கி, கணக்கெடுப்பைத் தள்ளிவைத்தோம்.

நான் அப்போது வேலைக்கு வந்து இரண்டு வருடமான இளநிலைப் பொறியாளன். எனக்கு ஒதுக்கிய இடம், மம்சாபுரத்துக்குச் சாலை பிரியும் விலக்கு. கோடு போட மாடசாமி என்ற சாலைப் பணியாளர். வெயிலுக்கு ஒதுங்க அங்கே இருந்தது ஒரே ஓலைக் கொட்டகை, பேச்சியம்மாளின் டீக்கடை. நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, கடைதான் எல்லாம். கேரளா போகும் லாரிகள் அங்கே நிற்காமல் போகா. கடை எங்கள் எல்லைக்கல்லுக்கு ஆறடி உள்ளே, அரசு நிலத்தில் இருந்தது. முதல் நாளே கவனித்தேன். அவள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே கவனித்தேன்.

இரண்டாம் நாள் பேச்சியம்மாள் அக்கா தானாகவே எங்கள் வேலையில் சேர்ந்துவிட்டாள். பாய்லருக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"ஏலே மாடசாமி, தலையத் தூக்குலே. வைக்கோல் லாரி போவுது."

"எழுதியாச்சு மதினி."

"எழுதுன மூஞ்சியப் பாரு. பீடி பத்தவைக்கக் குனிஞ்சத நான் பாக்கலையாக்கும்?"

பக்கத்துப் பஞ்சு மில்லில் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் மந்தையாக வரும். அப்போது மட்டும் வடைச்சட்டியை இறக்கிவிட்டு வந்து நின்று, ஐந்து சைக்கிளுக்கு ஒரு புளியங்கொட்டை என்று டம்ளரில் போடுவாள். மாடசாமியின் கோடுகளைவிட அந்தக் கொட்டைகளைத்தான் நான் நம்பினேன். எழுத்துபூர்வமாக இதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கணக்கில் கடைசியில் எல்லா வண்டியும் காராகிவிடும். லாரி மூன்று கார், சைக்கிள் அரைக் கார், மாட்டு வண்டி எட்டுக் கார். மெதுவாகப் போய் வழியை அடைக்கிறதல்லவா, அதனால். இதைத் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அதன்பின் மம்சாபுரத்து மாட்டு வண்டி ஒன்று திரும்பினாலே, "சார், எட்டு காரு வருது, ஒதுங்குங்க" என்பாள். வண்டிக்காரர் பதறித் திரும்பிப் பார்ப்பார்.

ஐந்தாம் நாள் கூட்டிப் பார்த்தேன். தொகை அந்தச் சாலைக்கு விதித்திருந்த எல்லையை நெருங்கியிருந்தது. அதைத் தாண்டினால் சாலையை அகலப்படுத்தப் பரிந்துரை போகும். அகலப்படுத்தினால் முதலில் போவது இந்தக் கொட்டகை. விதி தெரிந்தவனுக்கு அது வளையும் இடமும் தெரியும். மெல்லச் சொன்னேன்.

"அக்கா, வண்டி எண்ணிக்கை கூடுனா ரோடு அகலமாகும். கடை இருக்காது. மிச்ச ரெண்டு நாளும் நீங்க கூப்பிடாம இருங்க. மாடசாமி எப்படியும் பாதிய விட்டுருவாரு."

கண்ணாடி கிளாசைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"கடை போயிருமா?"

"போயிரும்."

கிளாசைக் கவிழ்த்து வைத்தாள். "போன வண்டியப் போகலைன்னு எப்படி சார் சொல்லுவேன்? அவிய அம்புட்டு பேரும் என் டீயக் குடிச்சிட்டுல்லா போனாவ."

"சொல்ல வேண்டாம் மதினி, சும்மா இருந்தாப் போதும்" என்றார் மாடசாமி.

"சும்மா இருக்க ஒனக்கு வரும்லே, சம்பளம் வாங்கிப் பழகிட்ட. எனக்கு வராது."

அப்போது பார்த்துப் பருத்தி ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று திரும்பியது. மாடசாமி பென்சிலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எருக்கஞ்செடியைப் பார்த்தேன். "எட்டு" என்றாள் பேச்சியம்மாள், மெதுவாக. மாடசாமி கோடு போட்டார்.

தொகை எல்லையைத் தாண்டியது. பரிந்துரைக் கோப்பு தன் நடையில் போய்த் திரும்புவதற்குள் தொண்ணூறுகள் பிறந்து, எனக்கும் பதவி உயர்ந்திருந்தது. சாலை தேசிய நெடுஞ்சாலையானது. மைல்கல்லின் தலைக்கு மஞ்சள் அடித்தோம். காலி செய்யும் அறிவிப்பில் என் கையெழுத்து. சுவரில் ஒட்டிவிட்டு வந்தால் போதும் என்று நடைமுறை இருந்தும், நானே கொண்டுபோனேன். வாசிக்கச் சொன்னாள்; வாசித்தேன்.

"ஆக்கிரமிப்பாளர்னா யாரு சார்?"

"நீங்கதான்க்கா."

"கட்டுனவர்கூட என்னை இம்புட்டு நீளமாக் கூப்பிட்டதில்ல" என்று சிரித்தாள். பிறகு டீ போட்டாள். அன்று சர்க்கரை போட மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே ஓலையைப் பிரித்து, கால் நட்டிருந்த குழிகளை மூடி, இடத்தைப் பெருக்கிவிட்டு மகாராஜபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கொட்டகை இருந்த இடத்தில் தார் விழுந்தது.

மேற்பார்வைக்கு நான் அங்கே நிற்பேன். கேரளா லாரிகள் அந்த இடம் வந்ததும் பழக்கத்தில் வேகம் குறைக்கும். ஓட்டுநர் இடப்பக்கம் எட்டிப் பார்ப்பார், ஒன்றுமில்லாதது கண்டு கியரை மாற்றிப் போவார். இப்படிச் சில மாதம். அப்புறம் ஒவ்வொருவராகப் பார்ப்பதை விட்டார்கள், சிலர் வண்டி ஓட்டுவதையே விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அங்கே வேகம் குறைக்கக் காரணம் எதுவும் இல்லை.