உச்சி வெளுத்த வால்வு

காவிரித் தண்ணீருக்காகப் பெங்களூர் எரிந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டு ரேடியோவும் செத்தது. நல்ல நேரம் பார்த்தது. அப்பா பொம்மசந்திராவில் தொழிற்சாலைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். ஓசூர் ரோட்டில் லாரிகள் எரிகின்றன என்றார்கள். பக்கத்துக் கன்னடக்காரர் வீட்டில் டிவி இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து தமிழில் அழ அம்மாவுக்குத் தைரியமில்லை.

பதினோரு வயதில் நான் ஜீவனஹள்ளியின் ரேடியோ மேதை. பின்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு வால்வின் கண்ணாடி உச்சியிலிருந்த வெள்ளிப்பூச்சு பால்போல வெளுத்திருந்தது. உள்ளே காற்று புகுந்துவிட்டது, இனி உதவாது. அந்த வால்வைச் செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். சிவாஜிநகர் குஜிரியில், அந்தப் பழைய சாமான் சந்தையின் குவியலுக்குள் கிடைத்தால் உண்டு.

ஊரடங்கைத் தளர்த்தியதும் அம்மாவின் தம்பி, என் மாமா, செருப்பை மாட்டினார்.

"இவனையும் கூட்டிட்டுப் போடா" என்றாள் அம்மா. பள்ளிக்கூடமே இல்லாத நாளில், குட்டையாகிப்போன சீருடையை எனக்கு மாட்டிவிட்டாள். "யார் கேட்டாலும் எட்டு வயசுன்னு சொல்லு."

ஒரு மேதைக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? ஆனாலும் வால்வை அடையாளம் காட்ட நான் வேண்டுமே என்று பொறுத்துக்கொண்டேன்.

குஜிரி பாய் பாதி இறக்கிய ஷட்டருக்குள் உட்கார்ந்திருந்தார். "என்னா சார், ஊரே எரியுது, உங்களுக்குப் பாட்டு கேக்குதா?" என்று கிசுகிசுத்தார். மாமா சட்டைப்பையிலிருந்து செத்த வால்வை எடுத்து நீட்டினார். பாய் அதைப் பார்த்துக் குவியலில் கையை விட்டு, ஜோடியை எடுத்துவிட்டார். நான் தயாரித்து வைத்திருந்த விளக்கவுரை வீணானது.

திரும்பும் வழியில் தடிகளோடு நாலைந்து பேர் மறித்தார்கள். "மகுகே ஜ்வரா, சார்" என்று, குழந்தைக்குக் காய்ச்சலென்று கன்னடத்தில் சொல்லி, மாமா என்னை முன்னால் தள்ளினார். ஒருவன் குனிந்து என் பெயரைக் கேட்டான். கன்னடப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மாணவன் நான். ஓர் எழுத்துகூட வாயில் வரவில்லை. சொட்டுத் தண்ணீர் விடமாட்டோம் என்று ஊரே நின்றபோது, என் கால்சட்டை மட்டும் மதகைத் திறந்துவிட்டது.

அவர்கள் சிரித்தார்கள். "பாப, பிடோ" என்றான் தடிக்காரன்; பாவம், விடுடா என்று. விட்டுவிட்டார்கள். தெருமுனை தாண்டும்வரை மாமா என் தோளை விடாமல் பிடித்து, தனக்கு முன்னாலேயே நடத்தி வந்தார். என்னைத் தேற்றுகிறார் என்று நினைத்தேன்.

ரேடியோ பாடியது. சென்னைச் செய்தியில் அப்பாவைப் பற்றி ஒன்றுமில்லை. மறுநாள் அவரே நடந்து வந்தார், உதடு கிழிந்து, ஒற்றைச் செருப்போடு.

"நான் போகலன்னா வால்வே கெடச்சிருக்காதுப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. துவைத்துக் கொடியில் தொங்கிய குட்டைக் கால்சட்டையைப் பார்த்தார். "சின்னப் புள்ள கூட இருந்தா உன் தம்பிய அடிக்க மாட்டாங்கன்னா அனுப்பின?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா கொடியிலிருந்த கால்சட்டையை இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். என் சாமர்த்தியத்தில் அவளுக்குப் பேச்சு அடைத்துப்போய்விட்டது என்று நினைத்து, ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.