நாற்பத்தெட்டாவது நிமிடம்

"உள்ள கடிகாரம் என் முதுகுக்குப் பின்னாடிதானே இருக்கு?" முதல் நாள் ஆலோசனை அறையிலிருந்து வெளியே வந்ததும் மாஸ்டர் என்னிடம் கேட்டார்.

"ஆமா சார். பேச வர்றவங்களுக்கு உறுத்தக் கூடாதுன்னு அப்படி மாட்டியிருக்கோம்."

"மேடம் என் தலைக்கு மேல பார்க்கிறப்போ எல்லாம், இவன் எப்போ எழுந்திருப்பான்னு பார்க்கிற மாதிரி இருக்கு. அது உறுத்தாதா?"

நான் அடுத்த வாரத்துக்கான சீட்டை எழுத ஆரம்பித்தேன்.

"சரி விடும்மா. எனக்குக் கடிகாரமே தேவையில்லை. நாற்பத்தெட்டு நிமிஷம் ஆச்சு, அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே வந்துட்டேன். வேணும்னா பாரு."

பார்த்தேன். சரியாக நாற்பத்தெட்டு.

மனநல ஆலோசனை மையம் ஒன்றில் வரவேற்பு மேசை என்னுடையது. உள்ளே ஆலோசகர் மேடத்துடன் ஓர் அமர்வு ஐம்பது நிமிடம். அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தாங்குவார்கள். ஓர் ஆசிரியை உள்ளே போகும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடுவார். வங்கி அதிகாரி ஒருவர், "கடைசிப் பத்து நிமிஷத்துல புதுசா எதையும் ஆரம்பிக்கிறதில்லைம்மா" என்பார். ஆனால் முந்திக்கொண்டு எழுந்து வந்தவர் மாஸ்டர் மட்டும்தான்.

அவர் பேக்கரியில் இருபத்தாறு வருடம் அடுப்பில் நின்றவர். டைமர் அடிப்பதற்குள் ரொட்டித் தட்டை வெளியே இழுத்துவிடுவார். நான்கு மாதம் முன்பு அடுப்பு குப்பென்று பிடித்து, கூட வேலை செய்த மச்சானின் கை முழங்கை வரை வெந்துபோனது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கேஸ் குழாயில் கோளாறு என்று எல்லோரும் முடிவுகட்டி, முதலாளி குழாயை மாற்றினார். மச்சானின் கை ஆறிவிட்டது. மாஸ்டர்தான் அதற்குப் பிறகு அடுப்புப் பக்கமே போகவில்லை. "இப்போ கேக் பெட்டிக்கு ரிப்பன் கட்டிட்டிருக்கேன்" என்றார்.

வாராவாரம் மச்சான்தான் அவரை பைக்கில் கூட்டிவருவார். "மாமா, வீட்டுல அக்கா கேட்டா ரெண்டு வார்த்தை வராது. இங்க ஒரு மணி நேரம் என்னதான் பேசுறீங்க?" என்று வாசலில் சீண்டிவிட்டுக் கீழேயே உட்கார்ந்திருப்பார்.

ஐந்து வாரமும் நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் கதவு திறந்தது. ஆறாவது வாரம், காத்திருக்கும்போது மாஸ்டர் மெல்லச் சொன்னார்.

"சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கும்மா. அது தொண்டைக்கு வர்றப்போ நேரம் முடிஞ்சுடுது. பாதி சொல்லி, மீதியைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போக என்னால முடியாது." கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கடைசி ரெண்டு நிமிஷத்தை முதல்லயே எடுத்துக்கிட்டா?"

"மேடம் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க" என்றேன்.

அன்று அவர் உள்ளே போய் உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, கிளம்பப் போகிறவரைப் போலப் பிடியில் கை வைத்தபடி நின்றே சொல்லிவிட்டார். பின்னால் அவரே எனக்குச் சொல்லி, எழுதவும் சம்மதித்ததுதான் இது. குழாயில் கோளாறே இல்லை. கேஸைத் திறந்துவிட்டு, போன் வந்ததென்று வெளியே போயிருக்கிறார். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக எவ்வளவு நேரம் ஆனது என்பதை மறந்து, திரும்பி வந்து பற்ற வைத்திருக்கிறார். பக்கத்தில் மச்சான். சொல்லி முடித்த பிறகுதான் நாற்காலிக்குப் போனாராம்.

ஐம்பதாவது நிமிடம் வழக்கம்போல உள்ளே மணி அடித்தேன். ஐம்பத்து மூன்றில் கதவு திறந்தது.

"என்னம்மா, இருபது நிமிஷம்கூட ஆகலை, அதுக்குள்ள மணி அடிச்சுட்ட?"

"ஐம்பத்து மூணு ஆச்சு, சார்."

அவர் நம்பாமல் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "கணக்கு விட்டுப்போச்சு. பாரேன், எதுவும் தீயலை."

அடுத்த மாதமே அடுப்பு மறுபடி அவர் கைக்கு வந்தது. முதல் நாள் பற்ற வைக்கும்போது பக்கத்தில் நின்றது மச்சான்தான். "தள்ளி நில்லுடான்னா கேட்கலை" என்று பெருமையாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சிரித்து முடித்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"மேடத்துக்கு அடுத்த ஆள் எப்போ?"

"நாலு மணிக்கு, சார். அதுவரைக்கும் ரூம் சும்மாதான் இருக்கும்."

"அப்போ நான் உள்ளயே உக்கார்றேன். நீ மட்டும் கீழ போய், அவனைக் கொஞ்சம் மேல வரச் சொல்லும்மா."