ஐந்தாவது இன்னிங்ஸில் எழுந்து போனவள்

ஒஹாயோவின் வடமேற்கு மூலையில், பிரையன் ஊர்ப் பள்ளிப் பேருந்தை இருபத்தாறு வருடம் ஓட்டியவள் வெர்னா ஸ்டோல்ட்ஸ். பனி உறைந்த ரோட்டில், பின்னால் அறுபது பிள்ளைகள் கூச்சல் போட, ஒரு நாளும் அவள் கை நடுங்கியதில்லை. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் கணவர் டுவைட்டும் மகன் கர்ட்டும் ரோலர் கோஸ்டரில் ஏறி அலறும்போது, அவள் கீழே பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளையும் காவல் காத்தாள்.

ஸ்டோல்ட்ஸ் குடும்பத்தின் கோடைப் பயணம் எப்போதும் ஒரே மாதிரிதான். ஒரு நாள் பேஸ்பால், மறுநாள் கேளிக்கைப் பூங்கா. பேஸ்பால் வெர்னாவுக்காக, பூங்கா மற்ற இருவருக்காக. முதல் வருடம் கர்ட் வயிற்றில் இருந்தான் என்பதால் அவள் ஏறவில்லை. அப்புறம் அதுவே பழகிப்போயிற்று. ஏறாதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்று கூப்பிட்டதும் இல்லை.

அறுபத்தோராவது வயதில் ஓய்வு பெற்றதும் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்தாள். டொலீடோ, ஏரிக்கரைப் பூங்கா, ஈரி, அல்டூனா, பிட்ஸ்பர்க் என்று எட்டு நாளுக்குக் கோடு போட்டாள். டுவைட் முழங்கால் வலி என்றார். கர்ட் வேலை இருக்கிறது என்றான். இந்த வருடம் தானும் ஏறப்போவதாக அவள் சொன்னபோது டுவைட் சிரித்துவிட்டார்.

"ஏணியில நின்னு பல்ப் மாத்தவே என்னைக் கூப்பிடற ஆளு நீ."

அந்தச் சிரிப்புதான் வெர்னாவை உசுப்பிவிட்டது. அன்று மாலையே ஜோலீனுக்குப் போன் செய்தாள். ஜோலீன், கர்ட்டின் மனைவியாக ஒன்பது வருடம் இருந்து, இரண்டு வருடத்துக்கு முன் விவாகரத்தானவள். பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. எவ்வளவு உயரமான கோஸ்டராக இருந்தாலும் முதல் பெட்டியில்தான் உட்காருவாள். விஷயம் கேள்விப்பட்ட கர்ட், ஊர் என்ன சொல்லும் என்று அம்மாவிடம் குதித்தான்.

"விவாகரத்து பண்ணது நீ. நான் பண்ணலையே" என்றாள் வெர்னா.

டொலீடோ ஆட்டத்தில் ஜோலீனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஹாட் டாக் தின்றுகொண்டே, இவன் ஏன் நடக்கிறான், அவன் ஏன் திரும்பிப் போகிறான் என்று துளைத்தெடுத்தாள். வெர்னா ஆட்டத்தைக் கட்டம் கட்டமாகக் குறித்துவைக்கும் ஸ்கோர் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் பதில் சொன்னாள். கடைசி ஆட்டக்காரர் அவுட் ஆகும்வரை அவள் மைதானத்தை விட்டு எழுந்ததே கிடையாது, கொட்டும் மழையிலும்கூட.

மறுநாள் ஏரிக்கரைப் பூங்காவில் ராட்சத இரும்புக் கோஸ்டருக்கு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று மேடைவரை போனாள். பெட்டிகள் வந்து நின்றதும் கால் இரண்டும் மரத்துப்போயின. பயந்தவர்கள் இறங்கிப் போகவென்றே வைத்திருக்கும் பக்கக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டாள். காற்று அதிகம் என்று ஜோலீனிடம் காரணம் சொன்னாள். இலைகூட அசையவில்லை.

ஈரியில் இன்னும் மோசம். மரக் கோஸ்டரில் உட்கார்ந்தே விட்டாள். மடிமேல் கம்பி இறங்குவதற்குள் எழுந்துவிட்டாள். பின்னால் நின்ற ஒரு அம்மாள், "உக்காருங்க, இல்ல எந்திரிங்க. எங்களுக்கும் வயசாகுதில்ல" என்றாள். அன்று சாயங்காலம் டுவைட் போனில், இன்னைக்கும் பெஞ்சுதானா என்று கேட்டார். வெர்னா போனை வைத்துவிட்டாள்.

அல்டூனா மைதானத்தில் வலதுபக்க வேலிக்கு வெளியே, வெகு அருகிலேயே பழைய மரக் கோஸ்டர் ஒன்று ஓடும். அந்த ஊர்க்காரர்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வெர்னாவால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவது நடக்கும்போது புத்தகத்தைப் பார்த்தால் இரண்டு கட்டங்கள் காலியாகக் கிடந்தன. அவள் வாழ்நாளில் இப்படி நடந்ததில்லை. பென்சிலையும் புத்தகத்தையும் ஜோலீன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க போறீங்க? ஆட்டம் பாதிகூட முடியலையே."

"நீ எழுது கண்ணு. பந்து யார்கிட்டருந்து யாருக்குப் போகுதோ அந்த ரெண்டு பேர் நம்பரை எழுதணும், அவ்வளவுதான்."

"எனக்கு என்ன தெரியும், வெர்னா?"

"நாலு நாளா என் உசுரை எடுத்துக் கேட்டியே, அதெல்லாம் எங்க போச்சு?"

தன் பையையும் ஜோலீன் மடியில் வைத்துவிட்டுக் கோஸ்டரை நோக்கி நடந்தாள். அங்கே வரிசையே இல்லை. கம்பியை இறக்கிய பெண் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். கழற்றியதும் உலகமே மங்கிப்போயிற்று. எவ்வளவு உயரம் என்று தெரியாமல் போனது ஒருவிதத்தில் நல்லதாயிற்று. சங்கிலி கடகடவென்று மேலே இழுத்தது. உச்சியில் மைதான விளக்குகள் மஞ்சள் திட்டுகளாகத் தெரிந்தன. அப்புறம் தரை இல்லை. பேருந்தில் எந்தப் பிள்ளையையும் சொல்லவிடாத வார்த்தைகள் அவள் வாயிலிருந்து வரிசையாக வந்தன.

வண்டி நின்றதும் அந்தப் பெண், நல்லாத்தானே இருக்கீங்க என்று கேட்டாள். வெர்னா கம்பியை விடவில்லை. "இன்னொரு தடவை" என்றாள்.

நான்கு முறை சுற்றினாள். திரும்பி வந்தபோது ஆட்டம் எட்டாவது இன்னிங்ஸில் இருந்தது. ஜோலீன் எண்களைத் தாறுமாறாக எழுதியிருந்தாள். வேலி தாண்டிப் போன ஒரு ஹோம் ரன்னை அடியோடு விட்டிருந்தாள், அந்த நேரம் எழுந்து நின்று கோஸ்டரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் காலை விடுதியில் வாஃபிள் சாப்பிடும்போது, பிட்ஸ்பர்க் போகவேண்டாம், ஏரிக்கரைக்கே திரும்பலாம் என்றாள் வெர்னா. ஐந்து மணி நேர ஓட்டம், டிக்கெட்டும் வீணாகும் என்றாள் ஜோலீன். வீணாகட்டும், நான் ஓட்டுகிறேன் என்று சாவியை எடுத்தாள் வெர்னா.

அதே நீள வரிசை, அதே வெயில். மேடைக்குப் பக்கத்தில் வந்தபோது கர்ட் போனில் கூப்பிட்டான். எங்கே இருக்கிறாய், அவளோடுதான் இன்னும் சுற்றுகிறாயா என்று ஆரம்பித்தான்.

"கியூ நகருதுடா. அப்புறம் பேசறேன்."

கால் இந்த முறையும் மரத்தது. மரத்த காலோடேயே ஏறி உட்கார்ந்து, கம்பியைத் தானே இழுத்து இறக்கிக்கொண்டாள். அந்த ராட்சத இரும்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. கழுத்து இரண்டு நாள் வலித்தது. நமக்கு மரத்தில் ஓடுவதுதான் சரி என்று வழியெல்லாம் ஜோலீனிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். வீடு வந்து சேர்ந்த வாரமே, மரக் கோஸ்டரும் பேஸ்பால் மைதானமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊர்களைத் தேடி, அடுத்த கோடைக்கு வரைபடத்தில் பதினோரு ஊர்களைச் சுற்றி வட்டம் போட்டாள்.