அழச் சொன்ன படம்

2002 மார்ச் மாதம். பர் துபாயில் ஒரு வீடியோ கடையில் மிக்ஸிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண கேசட்டுகளை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, சிடியாக்கித் தருவதுதான் தொழில். முதலாளி தூத்துக்குடிக்காரர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

ஒருநாள் சாயங்காலம் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா கேசட்டோடு வந்தார். அலெப்போவில் பிறந்த ஆர்மீனியர். இதில் எல்லோரும் ரொம்ப வேகமாக நடக்கிறார்கள், மெதுவாக்கித் தர முடியுமா என்று எனக்குப் புரிகிற இங்கிலீஷில் கேட்டார். மணப்பெண் மேடைக்கு நடந்து வருவதை தினமும் மெதுவாக்குகிறவன் நான். இதென்ன பெரிய விஷயம் என்று போட்டுப் பார்த்தேன்.

பேசாத படக் காலத்துத் துண்டு. கந்தலுடுத்திய பெண்களும் பிள்ளைகளும் மணலில் வரிசையாகப் போகிறார்கள். அந்தக் காலத்துப் படத்தை இந்தக் காலத்து வேகத்தில் பதிவு செய்திருந்ததால் எல்லோரும் குடுகுடுவென்று ஓடினார்கள். விழுகிறவர்கள்கூட வெடுக்கென்று விழுந்தார்கள்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வாரும்வே, என்னா ஓட்டம் ஓடுதாவ பாரும்" என்று பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அதற்காகச் சிரிப்பு புரியாமலா போகும்? திரையில் ஒரு சின்னப் பெண்ணைத் தொட்டு, "இது என் அம்மா" என்றார்.

முதல் உலகப் போர்க் காலத்தில் துருக்கியர் ஆட்சியில் ஆர்மீனியர்களை ஊர் ஊராகத் துரத்தி, பாலைவனத்தில் நடக்கவிட்டே கொன்றிருக்கிறார்கள். அதில் பிழைத்த குழந்தை அவருடைய அம்மா. வருஷா வருஷம் ஏப்ரலில் நினைவு நாளன்று எழுந்து, கண்ணால் கண்டதைச் சொல்வாராம். போன வருஷம் இந்தப் படத்தைப் போட்டபோது இளசுகள் சிரித்துவிட்டார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிற இடத்துக்கு இனி வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறாராம். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அவர்கள் வட்டத்தில் நேரில் கண்டவர் என்று மிச்சமிருப்பதும் அவர் ஒருவர்தான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "அண்ணாச்சி, சிரிக்காதிய. சனங்கள நடக்க வச்சே கொன்னிருக்கானுவ. இவிய அம்மை அதுல தப்பிச்ச பிள்ள" என்றேன். முதலாளியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சுண்டிப்போய், சோகமா ஒரு வயலின் போட்டுக் குடு என்று மட்டும் சொன்னார். அதை நான் இங்கிலீஷில் கேட்டதற்கு, பாட்டே வேண்டாம் என்றார் அந்த அம்மா.

படத்தை மெதுவாக்கியதும்தான் முகங்கள் தெரிந்தன. எல்லோரும் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்கள். இதைப் பார்த்து இனி எவன் சிரிப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா நீயும் வா என்று கூப்பிட்டதால் ஏப்ரலில் நினைவு நாளன்று ஷார்ஜாவில் அவர்கள் சர்ச் ஹாலுக்குப் போனேன். அவருடைய தாயாரான அந்தப் பெரியம்மாவை எப்படியோ சமாதானம் செய்து சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள். படம் ஓடியது. ஒருவரும் சிரிக்கவில்லை. விளக்குப் போட்டதும் பெரியம்மா மைக் கேட்டார். அவர் பேசப் பேச மகள் என் காதில் மெல்ல இங்கிலீஷில் சொன்னார்.

நடந்தது இப்படித்தான், ஆனால் இந்த அழுகை பொய் என்றார். வழியில் யாரும் அழவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை, அழத் தெம்பில்லை. தன் தம்பி விழுந்தபோது பெற்ற தாயே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நின்றால் அடி விழும். போர் முடிந்த பிறகு படக்காரர்கள் வந்து, அவர் இருந்த அநாதை இல்லத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போய் மறுபடியும் அதேபோல் நடக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் முன்பு நடந்த மாதிரியே அழாமல் நடந்தார்கள். இது நம்பும்படியாக இல்லை என்று படக்காரர் கத்தினாராம். சாப்பாடு கிடையாது என்று மிரட்டிய பிறகுதான் அழுதார்களாம்.

உயிர் பிழைத்து வந்த பிள்ளையிடம், நீ பட்டது நம்பும்படி இல்லை என்று சொல்ல ஒருத்தனுக்கு எப்படி வாய் வந்தது? செத்துப்போன அந்த ஆளை இழுத்து வந்து அறைய வேண்டும் போல இருந்தது.

இரண்டு வருஷம் கழித்துச் சுனாமி வந்தது. ரூமில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, கன்னியாகுமரிப் பக்கம் எங்கள் ஊர்க் கடற்கரையில் என் அண்ணன் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதபடி நடந்து வந்தாள். அவளுடைய குழந்தையைக் கடல் கொண்டுபோயிருந்தது. லைன் கிடைத்ததும் அண்ணனிடம் அதைச் சொல்லி அழுதேன். "அவ கல்லு மாதிரி இருந்தாடா. அழல்லன்னு சொல்லி டிவிக்காரனுவ ரெண்டு தடவ நடக்க வச்சானுவ" என்றான்.

இன்றைக்கும் டிவியில் அழுகிற முகத்தைக் கிட்டத்தில் காட்டினால், எதிரே கேமராவோடு நிற்கிறவனின் சட்டையைப் பிடித்து, என்ன சொல்லி அழவைத்தாய் என்று கேட்கத்தான் எனக்குக் கை துடிக்கிறது.