ஏர் ஃபில்டரில் இருந்த வெள்ளைத் தூசி

அந்த ஏர் ஃபில்டரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். மஞ்சள் காகிதத்தை விசிறி மாதிரி மடித்து மடித்துச் செய்த, ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் அளவுள்ள பொருள். மடிப்புகளின் அடியில், விரல் போகாத இடத்தில், மைதா மாவு போல வெள்ளைத் தூசி. ஆபீஸ் ஷெட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். திருட்டைக் கண்டுபிடித்தவன் நான்தான். ஆனால் திருட்டு முழியும் எனக்குத்தான் வந்திருந்தது.

அப்போது பெரம்பலூரில் ஒரு விதைக் கம்பெனியின் கிளைக்கு நான் மேனேஜர். பருத்தி விதையும் மக்காச்சோள விதையும் விற்பது தொழில். சந்தேகப்படுவது சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் பலர் உண்டு. நான் பஸ் ஸ்டாண்டு வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன். நிறையப் படித்தால் மனிதர்களைப் புரிந்துகொள்ளலாம் என்பார்கள். நான் படித்ததில் பாதிக்கு மேல் துப்பறியும் கதைகள். அதனால் மனிதர்கள் எல்லோரும் எனக்குக் கடைசி அத்தியாயத்தில் மாட்டப்போகிறவர்களாகவே தெரிந்தார்கள்.

ஆபீஸ் காரை ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் பாய் என்றுதான் கூப்பிடுவோம். லப்பைக்குடிக்காட்டுக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பன்னிரண்டு வருடம் சவூதியில் பிக்கப் ஓட்டிவிட்டு, போதும், இனி ஊரோடு இருந்துவிடலாம் என்று வந்து எங்களிடம் சேர்ந்தவர். நாலு வருடமாகத் தற்காலிக வேலைதான். அந்த வருடம்தான் அவரை நிரந்தரமாக்கலாமா என்று தலைமை ஆபீஸ் என்னிடம் கருத்துக் கேட்டிருந்தது. நிரந்தரமானால் ஊர். ஆகாவிட்டால் மறுபடி சவூதி. அங்கே அவருடைய தம்பி ஒரு விசாவைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். "பர்மனென்ட் ஆயிட்டா இனிமே கடல் தாண்ட மாட்டேன் சார், இன்ஷா அல்லா" என்று கார் ஓட்டிக்கொண்டே ஒருநாள் சொன்னார். இதை எதற்கு என்னிடம் சொல்கிறார் என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

பாலைவனத்தில் வண்டி ஓட்டியவருக்கு இன்ஜினைவிட ஏர் ஃபில்டர் மேல்தான் அக்கறை. வாரம் தவறாமல் பானெட்டைத் திறந்து, கருப்புப் பெட்டியின் கிளிப்புகளை விடுவித்து, ஃபில்டரை வெளியே எடுப்பார். அழுக்குப் பக்கம் கீழே இருக்கும்படி டயரின் மேல் மெதுவாக நாலு தட்டு. அதிகத் தூசியென்றால் பக்கத்துப் பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்று அடிப்பார். மாற்றி அடித்தால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாய்ப் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். தண்ணீர் காட்டவே கூடாது. பிறகு பெட்டிக்குள் துணியால் துடைத்து, ரப்பர் விளிம்பு சுற்றிலும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று வந்த பிறகுதான் மூடுவார். குழந்தைக்குக் காது சுத்தம் செய்கிறவர் மாதிரி இருக்கும். அப்படி ஒருநாள் தட்டிக்கொண்டிருந்தபோது தற்செயலாகச் சொன்னார்:

"தூசியப் பாத்தே வண்டி எங்க போயிட்டு வந்துருக்குன்னு சொல்லிரலாம் சார். குன்னம், வேப்பூர்ப் பக்கம்னா கருப்பா இருக்கும், பஞ்சு நூலும் ஒட்டியிருக்கும். ஆலத்தியூர்ப் பக்கம்னா வெள்ளையா இருக்கும், சுண்ணாம்பு."

அவர் மறந்துவிட்டிருப்பார். நான் மறக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு தடயவியல் கல்வி கிடைத்திருந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் அந்த ஃபில்டரை வெயிலில் பிடித்துப் பார்த்தது. எங்கள் கார் ஆலத்தியூர்ப் பக்கம் போவதே இல்லை. அரியலூர் மாவட்டத்துக்கு வேறு கிளை, வேறு கார். ஆனால் டிரைவர் பாயின் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது செந்துறையில். அங்கிருந்து ஆலத்தியூர் எவ்வளவு தூரம்? என்னிடம் இருப்பது போக, இன்னொரு சாவி ஞாயிறுதோறும் யாரிடம் இருக்கிறது? துப்பறிவாளனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தேன். சரியாக இருந்தது. மீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கிறார் என்று முடிவுசெய்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி திறந்து பார்த்தேன். புதிதாகப் படிந்திருந்தது கருப்புத் தூசி மட்டும்தான். நான் பார்த்தது தெரிந்து உஷாராகிவிட்டார் என்று முடிவுசெய்தேன். ஒழுங்காக இருப்பதைப் போலச் சந்தேகத்துக்குரியது உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவார், அப்புறம் அந்தப் பதிலையும் சந்தேகப்பட வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். தலைமை ஆபீசுக்குக் கடிதம் எழுதினேன். ஓட்டுநரின் பணித்திறன் திருப்திகரம், நம்பகத்தன்மை குறித்து மட்டும் மேலும் சிறிது காலம் கவனிக்க வேண்டியுள்ளது என்று ஒரு வாக்கியம். எழுதி முடித்ததும் இரண்டு தடவை படித்து ரசித்தேன். ஒருவர் கழுத்தைப் பிடிக்கும்போதும் நடை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஜாதி நான். ஒரே மாதத்தில் பதில் வந்தது. இப்போதைக்கு நிரந்தரமாக்குவதற்கில்லை. டிரைவர் பாய் கடிதத்தைப் படித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வேப்பந்தட்டைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும் சார்?" என்று கேட்டார்.

அதற்கு அடுத்த வாரம் என் சொந்த ஸ்கூட்டருக்கு பிரேக் சரிசெய்ய, துறையூர் ரோட்டில் எங்கள் ஆபீஸ் கார் வழக்கமாக சர்வீசுக்குப் போகும் மெக்கானிக் ஷெட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வைத்திருக்கும் கான்ட்ராக்டர், ஆலத்தியூர்க்காரர். எங்கள் கார் எந்த மாடலோ அதே மாடல் கார் அவருடையதும். கையில் ஒரு ஏர் ஃபில்டர். கரிசல் மண் அப்பி, மடிப்பெல்லாம் பஞ்சு நூல். தன் வண்டி சுண்ணாம்புக் காட்டைத் தாண்டிப் பருத்திக் காட்டுக்கு எதற்குப் போனது என்பதுதான் அவருடைய கேள்வி. வண்டியை ஓட்டியது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அவன் இந்தப் பக்கம் எவளையோ பார்க்க வந்துபோகிறான் என்று கண்டுபிடித்து, பதினைந்து நாளைக்கு முன்பே வீட்டைவிட்டு அனுப்பியாகிவிட்டது. இப்போது வந்திருப்பது சாட்சி சேகரிக்க. "நெசத்தச் சொல்லு, என் மச்சான் இந்த வண்டியோட இங்க சுத்துனானா இல்லியா?"

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ரெண்டு மூணு மாசம் முன்ன ஒருநா ஒங்க வண்டி, விதைக் கம்பெனி வண்டி, ரெண்டும் ஒண்ணா சர்வீசுக்கு நின்னுச்சு. காத்து அடிச்சு ஃபில்டர் ரெண்டையும் இந்தச் சொவத்து மேலதான் வெயில்ல வச்சிருந்தோம். மாறியிருக்கும். அளவு ஒண்ணுதானங்க, என்ன இப்ப?"

கான்ட்ராக்டர் அங்கிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உட்காரக்கூட இடமில்லை. மனைவி பதினைந்து நாளாகப் பேசுவதில்லை என்று அவர் யாரிடம் என்றில்லாமல் சொன்னார். நான் விதைக் கம்பெனிக்காரன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. ஒரே சுவரிலிருந்து இரண்டு முட்டாள்கள் கிளம்பி, ஒருவன் கிழக்கேயும் ஒருவன் மேற்கேயும் போயிருக்கிறோம் என்பது மட்டும் விளங்கியது.

அன்றே இரண்டாவது கடிதம் எழுதினேன். இந்த முறை நடையைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் தலைமை ஆபீசிலிருந்து போன். போன மாதம் நம்பகத்தன்மை போதாது, இந்த மாதம் அப்பழுக்கற்றவர். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஏர் ஃபில்டர் மாறிவிட்டது என்றேன். பிறகு, "அவர் ஒங்களுக்கு ஏதாச்சும் குடுத்தாராங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று முடிந்தது. தம்பியின் விசா அடுத்த வருடம் வரை காத்திருக்காது.

விடைபெற வந்த அன்று டிரைவர் பாய் காரின் சாவியைத் துடைத்து என் மேஜைமேல் வைத்தார். அவரை நேராகப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திறந்து பார்த்தது, எழுதியது, மறுபடி எழுதியது. அவருக்கு அதில் எதுவுமே புதிதாக இல்லை போலிருந்தது.

"தெரியும் சார். நீங்க தொறந்த அன்னிக்கி ஒரு கிளிப்பு சரியா மாட்டல. அடுத்த நாளே பாத்தேன்" என்றார். "அது நம்ம ஃபில்டர் இல்லன்னு சர்வீஸ் முடிஞ்சு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். அளவு ஒண்ணுதான், காத்து ஒழுங்காப் போவுது, இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன் சார். கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லிருப்பேன்."

போயிட்டு வரேன் என்று கை கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். அதற்குப் பின் எட்டு வருடமாகிறது. அவர் இன்னும் சவூதியில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். நான் இப்போது சொந்தக் காரை நானே ஓட்டி, ஃபில்டரை நானே டயர்மேல் தட்டிக்கொள்கிறேன். அன்று அவர் வாசலைத் தாண்டுவதற்குள் எனக்கு என்ன தோன்றியது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதிவிடுகிறேன். முன்பே தெரியும் என்கிறாரே, நிஜமாகவே தெரியுமா, இல்லை மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டாரா என்று யோசித்தேன்.